எடையைச் சரிசெய்த பிறகு திட்டப்பிழை கூடுமா, குறையுமா?

கேள்வி: மார்ச் 3

ஒரு குடும்பக் கணக்கெடுப்பின் தரவு கையில் இருக்கிறது. ஒவ்வொரு வரிக்கும் ஓர் இறுதி எடை (அந்த ஒருவர் எத்தனை பேருக்காக நிற்கிறார் என்ற எண்) கொடுத்திருக்கிறார்கள். பதில் தராதவர்களுக்காக ஒருமுறை சரிசெய்து, பிறகு வயது, பாலினம், கல்வி மொத்தங்களோடு பொருந்தும்படி ரேக்கிங் (ஒவ்வொரு மாறியின் மொத்தத்தோடும் மாற்றி மாற்றி எடையைப் பொருத்துவது) செய்ததாக ஆவணம் சொல்கிறது. அந்த எடையை மென்பொருளில் கொடுத்து சராசரியும் திட்டப்பிழையும் (மாதிரி மாறினால் மதிப்பீடு எவ்வளவு ஆடும் என்ற அளவு) எடுத்துவிட்டேன். உடன் வேலை பார்ப்பவர், “எடை போட்டாலே திட்டப்பிழை கூடும், எடைகளின் ஏற்றத்தாழ்வை மட்டும் வைத்து அந்தப் பெருக்கத்தைச் சொல்லும் கிஷ் சூத்திரத்தால் பெருக்கிக்கொள்” என்கிறார். இன்னொருவர், “மொத்தங்களோடு பொருத்தினால் குறையத்தான் செய்யும்” என்கிறார். யார் சொல்வது சரி?

மார்ச் 3, இரவு

இருவர் சொல்வதும் நடக்கும். ஒரே கோப்பில், ஒரே எடையில், ஒரு மாறிக்குக் கூடும், அடுத்த மாறிக்குக் குறையும். நீங்கள் எடுத்த திட்டப்பிழைக்கு அந்த வித்தியாசம் தெரியாது. அதுதான் இங்கே சிக்கல்.

இறுதி எடை எப்படி உருவாகிறது என்று பாருங்கள். முதலில் அடிப்படை எடை. ஒருவர் மாதிரியில் விழ 200-இல் 1 வாய்ப்பு என்றால் அவர் எடை 200. இது மாதிரி எடுக்கும் முன்பே திட்டத்தில் முடிவாகிவிட்டது. அப்புறம் பதிலளிக்காதவர்களுக்கான திருத்தம். ஒரு பிரிவில் 50 பேரைத் தேடிப் போய் 40 பேர்தான் பதில் சொன்னார்கள் என்றால், அந்த 40 பேரின் எடையையும் 1.25-ஆல் பெருக்குகிறார்கள். இந்த 1.25 எங்கிருந்து வந்தது? இந்த மாதிரியிலிருந்து. வேறொரு மாதிரி விழுந்திருந்தால் 1.2 வந்திருக்கும், அல்லது 1.3. மூன்றாவதாக வரும் ரேக்கிங் காரணியும் அப்படித்தான்.

ஆக, இறுதி எடை என்பது நிலையான ஓர் எண்ணையும், மாதிரிக்கு மாதிரி ஆடும் இரண்டு எண்களையும் பெருக்கி வந்தது. பெருக்கி முடித்த நெடுவரிசையை மட்டும் கொடுத்தால், மென்பொருள் மூன்றையும் நிலையானதாகவே எடுத்துக்கொள்ளும். வேறு வழி அதற்கு இல்லை.

மார்ச் 4

கையால் போடக்கூடிய கணக்கு ஒன்று தருகிறேன். தாளும் கால்குலேட்டரும் போதும்.

எளிய சமவாய்ப்பு மாதிரி, 100 பேர். அதில் பெண்கள் 60, ஆண்கள் 40. முழுமைத்தொகுதியில் இரு பாலரும் சரிபாதி என்று தெரியும். எனவே ஒவ்வொரு பெண்ணுக்கும் எடை 50/60, அதாவது 0.833. ஒவ்வொரு ஆணுக்கும் 50/40, அதாவது 1.25. எடைகளின் கூட்டுத்தொகை 100. எடைகளின் வர்க்கங்களைக் கூட்டினால் 104.17. கிஷ் சூத்திரப்படி பயனுறு மாதிரி அளவு, கூட்டுத்தொகையின் வர்க்கத்தை வர்க்கங்களின் கூட்டுத்தொகையால் வகுத்தால் வருவது: 10000/104.17 = 96. நூறு பேரைக் கேட்டும் 96 பேரைக் கேட்ட பலன்தான் என்று அது சொல்கிறது.

இப்போது ஒரு கேள்வி கேட்கிறோம். “ஆம்” என்றவர்கள் பெண்களில் 80 விழுக்காடு, ஆண்களில் 20 விழுக்காடு. எடையிட்ட மதிப்பீடு 50 விழுக்காடு. எடைகளை நிலையானவை என்று நினைக்கும் சூத்திரம் தரும் திட்டப்பிழை 5.1 விழுக்காட்டுப் புள்ளி. கிஷ் வழியும் அதே 5.1.

உண்மையான கணக்கு வேறு. மதிப்பீடு என்பது இரண்டு குழுச் சராசரிகளின் சரிபாதிக் கலவை. வேரியன்ஸ் (திட்டப்பிழையின் வர்க்கம்) = 0.25 × (0.16/60) + 0.25 × (0.16/40) = 0.00167. இதில் 0.25 என்பது அரையின் வர்க்கம், 0.16 என்பது 0.8 × 0.2. வர்க்கமூலம் எடுத்தால் 4.1 புள்ளி. எடையே போடாமல் விட்டிருந்தால்கூட 5.0 வந்திருக்கும். அதாவது எடை போட்டதால் திட்டப்பிழை குறைந்திருக்கிறது, மென்பொருளோ கூடியதாகக் காட்டுகிறது.

அதே நூறு பேரிடம் இன்னொரு கேள்வி. இதில் பெண்களிலும் 50, ஆண்களிலும் 50 விழுக்காடு “ஆம்”. குழுவாரிக் கணக்கு தருவது 5.1. கிஷ் தருவதும் 5.1. அச்சு அசலாக ஒன்றே.

உங்கள் நண்பர்கள் இருவரும் ஆளுக்கொரு கேள்வியை மனதில் வைத்துக்கொண்டு பேசியிருக்கிறார்கள்.

மார்ச் 4, மாலை

முன் குறிப்போடு சேர்த்துப் படிக்கவும். உங்கள் மென்பொருள் எடைத் திருத்தத்தைக் கணக்கில் எடுக்கிறதா என்று அறிய ஒரே வரியில் ஒரு சோதனை உண்டு. எந்த மாறியின் மொத்தத்தோடு எடையைப் பொருத்தினார்களோ, அதே மாறியின் விகிதத்தையும் திட்டப்பிழையையும் கேளுங்கள். மேலே உள்ள உதாரணத்தில் பெண்களின் விகிதம். எத்தனை மாதிரி எடுத்தாலும், பொருத்திய பிறகு அது 50 விழுக்காடுதான். ஆடாத எண்ணுக்குத் திட்டப்பிழை பூஜ்யம். உங்கள் திரையில் 5.1 வந்தால், அதற்கு விஷயம் சொல்லப்படவில்லை என்று அர்த்தம்.

புதிய கோப்பு எது கைக்கு வந்தாலும் நான் முதலில் செய்வது இதுதான். ஆவணத்தைப் படிப்பதுகூட அதற்குப் பிறகுதான்.

மார்ச் 6

“அந்தப் பூஜ்யம் எங்கிருந்து வருகிறது? ஜாக்நைஃப் போட்டும் எனக்கு 5.1 வருகிறதே” என்று கேள்வி கேட்டவரே தொடர்ந்து கேட்டிருக்கிறார். நல்ல கேள்வி. ஜாக்நைஃப் என்பது ஒவ்வொருவராக நீக்கி மதிப்பீட்டைத் திரும்பப் போட்டு, அது எவ்வளவு ஆடுகிறது என்று பார்ப்பது. அதை எப்படிப் போட்டீர்கள் என்பதில் எல்லாம் இருக்கிறது.

ஒரு பெண்ணை எடுத்துவிடுங்கள். மீதி 59 பெண்கள், 40 ஆண்கள். எடைகளைத் தொடாமல் விட்டால் பெண்களின் பங்கு 49.17/99.17, அதாவது 49.6 விழுக்காடு. ஓர் ஆணை எடுத்துவிட்டால் 50/98.75, அதாவது 50.6. இப்படி நூறு தடவை ஆடியதைத் திரட்டினால் 5.1 வந்து நிற்கும்.

செய்ய வேண்டியது வேறு. அந்தப் பெண்ணை எடுத்ததும் பொருத்தும் வேலையை மறுபடி செய்ய வேண்டும். 59 பெண்களுக்கும் எடை 50/59 ஆகும். பங்கு திரும்ப 50. நூறு தடவையும் 50. வேரியன்ஸ் பூஜ்யம்.

இப்படிச் சிலரை நீக்கியோ மாற்றியோ அமைக்கும் ஒவ்வொரு மறு மாதிரியும் ஒரு ரெப்ளிகேட். ரெப்ளிகேட் எடைகளின் உயிர்நாடி இதுதான். பதிலளிக்காமைத் திருத்தம், ரேக்கிங், உச்ச எடைகளைக் குறைப்பது என்று முழு மாதிரிக்கு என்னென்ன செய்தோமோ, அத்தனையையும் அதே வரிசையில் ஒவ்வொரு ரெப்ளிகேட்டிலும் திரும்பச் செய்ய வேண்டும். இறுதி எடையை எடுத்து அதிலிருந்து ரெப்ளிகேட் உருவாக்குவது பின்பக்கமாக நடப்பது. அடிப்படை எடையில் தொடங்கித்தான் உருவாக்க வேண்டும். தரவை வெளியிடும் அலுவலகங்கள் பலவும் அடிப்படை எடையைத் தருவதில்லை. அப்போது ரெப்ளிகேட் எடைகளையாவது கேட்டு வாங்குங்கள். மறுத்தால் மீண்டும் கேளுங்கள். அவர்கள் மட்டுமே செய்யக்கூடிய வேலை அது.

மார்ச் 6, சற்று கழித்து

ரெப்ளிகேட் இல்லாமலும் ஒரு வழி இருக்கிறது, அதையும் சொல்லிவிடுகிறேன். 1992-இல் டெவில், ஸார்ண்டல் இருவரும் எழுதிய கட்டுரை காலிபரேஷனுக்கு, அதாவது தெரிந்த மொத்தங்களோடு எடையைப் பொருத்துவதற்கு, அடித்தளம். ரேக்கிங், லீனியர், எல்லை வகுத்த முறைகள் என்று எதைப் போட்டாலும், மாதிரி பெரிதாக இருக்கும்போது எல்லாமே ரிக்ரெஷன் மதிப்பீட்டைப் போலவே நடக்கும் என்று காட்டினார்கள். ஆகவே, பதிலை வயது, பாலினம், கல்வியின் மேல் ரிக்ரெஷன் செய்து, மிஞ்சும் எச்சங்களை எடுத்துக்கொண்டு, அவற்றுக்கு வழக்கமான சூத்திரத்தில் வேரியன்ஸ் பாருங்கள். என் 60-40 உதாரணத்தில் எச்சம் என்பது அவரவர் குழுச் சராசரியிலிருந்து உள்ள விலகல். 4.1 வந்ததன் ரகசியம் அதுதான். பெண்களின் விகிதத்துக்கு எச்சமே இல்லை, அதனால் பூஜ்யம்.

ஆர் மொழியில் தாமஸ் லம்லி எழுதிய சர்வே பேக்கேஜ் இதைத் தானாகவே செய்யும். ஆனால் பொருத்தும் வேலையை அதற்குள்ளேயே செய்திருக்க வேண்டும். வெளியே செய்து கொண்டுவந்து எடையாகக் கொடுத்தால் அதற்கு எதுவும் தெரியாது.

மார்ச் 9

கிஷ்ஷைப் பற்றி மேலே எழுதியதில் ஒரு நியாயம் விட்டுப்போயிருக்கிறது. அந்தச் சூத்திரத்தை மட்டம் தட்டுவதாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். பதிலுக்கும் எடைக்கும் தொடர்பே இல்லாத மாறிக்கு அது மிக நன்றாக வேலை செய்யும், இரண்டாவது கேள்வியில் பார்த்தோம். களத்துக்குப் போகும் முன், எந்தக் கேள்விக்கு என்ன பதில் வரும் என்று தெரியாத நிலையில், எடைகள் எவ்வளவு விலை கேட்கும் என்று பார்க்கவும் அதுவே ஏற்றது. ஒரு குறிப்பிட்ட மதிப்பீட்டின் திட்டப்பிழையாக அதை அச்சிடுவதுதான் கூடாது. கொத்து மாதிரிகளில் (தெரு, கிராமம் என்று கூட்டமாக எடுப்பவை) கொத்தால் வரும் பெருக்கமும் அதில் சேராது.

இதன் மறுபக்கத்தையும் சேர்த்துப் பாருங்கள். பதிலளிக்காமைத் திருத்தத்துக்கு எந்த மாறிகளைத் தேர்ந்தெடுப்பது? யார் பதில் சொன்னார்கள் என்பதோடு தொடர்பு இருக்கிறதா என்று மட்டுமே பெரும்பாலோர் பார்க்கிறார்கள். 2005-இல் லிட்டிலும் வார்திவாரியனும் இதைத் தெளிவாக எழுதினார்கள். பதில் சொல்லும் வாய்ப்போடு மட்டும் தொடர்புடைய மாறி, நாம் அளக்கும் விஷயத்தோடு தொடர்பில்லாவிட்டால், சாய்வை (மதிப்பீடு ஒரே பக்கமாகத் தவறுவதை) குறைக்காது. வேரியன்ஸை மட்டும் ஏற்றும். இரண்டோடும் தொடர்புடைய மாறி சாய்வைக் குறைக்கும், வேரியன்ஸையும் குறைக்கலாம். இருபது மாறிகளை ஒரு மாடலில் கொட்டி வாய்ப்பைக் கணித்து, தலைகீழாக்கி எடையாக்குவதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வருத்தமாக இருக்கும். அதில் பாதி மாறிகள் வெறும் சுமை.

மார்ச் 9, இரவு

ஒரு வரி. இணைய வழியில் தானாக வந்து சேர்ந்தவர்களின் கோப்புக்கு இவை எதுவும் அப்படியே பொருந்தாது. அங்கே அடிப்படை எடையே கிடையாது.

மார்ச் 13

உச்ச எடைகளைப் பற்றிக் கேட்டிருக்கிறார்கள். “மிகப் பெரிய எடைகளை வெட்டிவிடலாமா?” வெட்டலாம். ஆனால் என்ன கொடுத்து என்ன வாங்குகிறோம் என்று தெரிந்து வெட்ட வேண்டும்.

1000 பேர். 900 பேருக்கு எடை 1, 100 பேருக்கு எடை 10. கிஷ் கணக்கில் பயனுறு அளவு 331. ஆயிரம் பேரைத் தேடிப் போய்க் கேட்டதில் மூன்றில் ஒரு பங்குதான் மிஞ்சுகிறது. பெரிய எடைகளை 5-இல் வெட்டினால் 576 ஆகிவிடும். பார்க்க அழகாக இருக்கும். ஆனால் அந்த நூறு பேரின் குழு முழுமைத்தொகுதியில் 52.6 விழுக்காடாக நின்றது, இப்போது 35.7 விழுக்காடு. அவர்கள் மற்றவர்களிடமிருந்து வேறுபட்டவர்கள் என்றால் மதிப்பீடு நேராக மற்ற பக்கம் சாயும். வேரியன்ஸ் குறைந்ததைத் திரை காட்டும். சாய்வு ஏறியதை எந்தத் திரையும் காட்டாது.

நான் வேலை பார்த்த ஒரு கணக்கெடுப்பில் ஓர் இளைஞர் இருந்தார். தனியாக வாழ்பவர், வயது 25-க்குள். அந்த வகையினர் வீட்டில் அகப்படுவதே அரிது, அகப்பட்டவர்களிலும் பாதிப் பேர் கதவைச் சாத்திவிடுவார்கள். ஒவ்வொரு கட்டத்திலும் அவர் எடை பெருகிப் பெருகி, ரேக்கிங் முடிந்தபோது சராசரி எடையைப் போல் பல மடங்காகிவிட்டது. அவருடைய “ஆம்”, “இல்லை” ஒவ்வொன்றும் அவர் வயதுக் குழுவின் அட்டவணையை மேலும் கீழும் இழுத்தது. அவர் எடையை வெட்டிவிட்டு மறுபடி ரேக்கிங் செய்தோம். எடை மீண்டும் ஏறியது. பொருத்த வேண்டிய மொத்தம் அப்படியே இருக்கிறது, அதைத் தாங்க அவரைப் போல ஆள் இல்லை, ஏறாமல் என்ன செய்யும்? கடைசியில் அந்த வயதுப் பிரிவைப் பக்கத்துப் பிரிவோடு சேர்த்த பிறகுதான் அமைதியானது. பிரிவுகளைச் சேர்ப்பதும் வெட்டுவதைப் போலத்தான், சாய்வைக் கொடுத்து வேரியன்ஸ் வாங்குவது. ஆனால் அது ஆவணத்தில் ஒரு வரியாக வெளிப்படையாக இருக்கும், படிப்பவர் எடைபோட்டுக்கொள்ளலாம். அதனால் எனக்கு அதுதான் பிடிக்கும்.

எந்த ரெப்ளிகேட்டில் அந்த இளைஞரின் கொத்து வெளியே போகிறதோ, அந்த ரெப்ளிகேட்டில் ரேக்கிங் குவியவே இல்லை, அதாவது எத்தனை சுற்று போனாலும் மொத்தங்கள் பொருந்தவில்லை, என்பதையும் சொல்ல வேண்டும். முழு மாதிரியில் குவிந்தது ரெப்ளிகேட்டிலும் குவியும் என்று நம்பி விட்டுவிடாதீர்கள். ஒவ்வொன்றையும் பாருங்கள்.

மார்ச் 15

இதெல்லாம் மேலைநாட்டு மென்பொருள் காலத்துச் சரக்கு என்று ஒருவர் எழுதியிருக்கிறார். இல்லை. மாதிரியைப் பகுதிகளாக எடுத்து, பகுதிகளுக்கிடையே உள்ள வேறுபாட்டிலிருந்தே பிழையை அளக்கலாம் என்ற யோசனையை இந்தியப் புள்ளியியலாளர் மகலனோபிஸ் வங்காளத்துப் பயிர்க் கணக்கெடுப்புகளில் 1930-களின் பிற்பகுதியிலேயே செய்துகாட்டினார். ஒன்றுக்குள் ஒன்று ஊடுருவும் துணை மாதிரிகள். இரண்டு துணை மாதிரிகளின் மதிப்பீடுகளைக் கழித்து, வர்க்கப்படுத்தி, நான்கால் வகுத்தால் இரண்டின் சராசரிக்கான வேரியன்ஸ். எந்தச் சூத்திரமும் வேண்டாம், எவ்வளவு சிக்கலான திட்டமானாலும் சரி. களப்பணியாளர்களுக்கிடையே உள்ள வேறுபாடும் கையோடு தெரிந்துவிடும், அவருக்கு அதுவும் முக்கியம்.

குறை ஒன்றுதான். இரண்டே எண்களிலிருந்து எடுத்த வேரியன்ஸ் தாறுமாறாக ஆடும். 1966-இல் மெக்கார்த்தி அதற்கு வழி கண்டார். மாதிரி எடுக்கும் முன் பிரித்த ஒவ்வோர் அடுக்கிலும் இரண்டு கொத்துகள் இருந்தால், அடுக்குக்கு ஒன்றாக எடுத்து அரை மாதிரி அமைக்கலாம். 10 அடுக்குகள் என்றால் 1024 அரை மாதிரிகள் வரும். எல்லாம் வேண்டாம், சமன் செய்து பொறுக்கிய 12 போதும். சராசரி, மொத்தம் போன்ற நேரியல் மதிப்பீடுகளுக்கு 1024-உம் தரும் அதே விடையை அந்த 12 தரும்.

ரேக்கிங்கும் பழையதுதான். டெமிங்கும் ஸ்டீஃபனும் 1940-இல் எழுதியது. அந்த ஆண்டு அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் சில கேள்விகளை மாதிரியாக எடுத்தவர்களிடம் மட்டும் கேட்டார்கள். அந்த அட்டவணைகளை முழு எண்ணிக்கையோடு ஒத்துப்போக வைக்கத்தான் அந்த முறை பிறந்தது.

மார்ச் 16

ரெப்ளிகேட் எடைகளை வாங்கிவிட்டவருக்கு, அவசரமாக.

கோப்போடு வரும் பெருக்கற்காரணியைத் தேடுங்கள். அரை மாதிரி முறையின் ஒரு வகையான ஃபே முறையில் எடைகளைப் பூஜ்யமாக்காமல் 0.5, 1.5 என்று ஆட்டியிருந்தால், விலகல் வர்க்கங்களின் சராசரியை 4-ஆல் பெருக்க வேண்டும். அமெரிக்காவின் ஏசிஎஸ் (அமெரிக்கன் கம்யூனிட்டி சர்வே) கணக்கெடுப்பின் 80 ரெப்ளிகேட்டுகளுக்கும் காரணி 4/80. அந்த 4-ஐ மறந்தால் திட்டப்பிழை பாதியாகிவிடும், விடை பார்வைக்குச் சந்தேகமே தராது.

அடுத்து, ரெப்ளிகேட் எண்ணிக்கை தகவலைக் கூட்டாது. 10 அடுக்குகள், 20 கொத்துகள் என்றால் சுதந்திரப் படிகள் (வேரியன்ஸைக் கணிக்க உண்மையில் கிடைக்கும் தனித் தகவல்கள்) 20 − 10 = 10. அதிலிருந்து 500 பூட்ஸ்ட்ராப் (கொத்துகளைக் குலுக்கித் திரும்பத் திரும்ப எடுக்கும் மறு மாதிரிகள்) எடுத்தாலும் 10 தான். நம்பிக்கை இடைவெளிக்கு 1.96 அல்ல, 2.23.

மார்ச் 20

துணைக்குழு. “தனியாக வாழ்பவர்களை மட்டும் வைத்துக்கொண்டு மற்ற வரிகளை நீக்கிவிட்டேன், இப்போது மென்பொருள் ‘ஓர் அடுக்கில் ஒரே ஓர் அலகு’ என்று பிழை காட்டுகிறது.” காட்டத்தான் செய்யும். தனியாக வாழ்பவர் யாருமே அகப்படாத கொத்துகள் வரிகளோடு சேர்ந்து மறைந்துவிட்டன. அவை மாதிரியில் இருந்தவை. அங்கே அப்படி ஒருவரும் இல்லை என்பதும் ஒரு தகவல், வேரியன்ஸுக்குத் தேவையான தகவல். வரிகளை நீக்காமல், முழு வடிவமைப்பையும் அறிவித்த பிறகு அதற்குள் துணைக்குழுவைக் கேளுங்கள். இதற்கான கட்டளை ஸ்டாட்டாவிலும் உண்டு, ஆர் மொழியிலும் உண்டு. தனி அலகைச் சமாளிக்கும் அமைப்பை முடுக்கிவிட்டு பிழைச் செய்தியை அடக்குவது இதற்கு மருந்தல்ல.

மார்ச் 22

பூஜ்யச் சோதனையைச் சொன்னபோது ஒரு நிபந்தனையைச் சேர்த்திருக்க வேண்டும் என்று படுகிறது. பொருத்தும் மொத்தம் உறுதியான எண்ணாக இருந்தால்தான் அந்தப் பூஜ்யம் உண்மை. முழு எண்ணிக்கையிலிருந்தோ பதிவேட்டிலிருந்தோ வந்தது என்றால் சரி. கல்வி மொத்தம் இன்னொரு பெரிய மாதிரிக் கணக்கெடுப்பிலிருந்து வந்திருந்தால்? அந்த எண்ணும் ஆடும். அதை நிலையானதாக எடுத்தால் திட்டப்பிழை தேவைக்குக் கீழே போய்விடும். வழி இருக்கிறது. ஒவ்வொரு ரெப்ளிகேட்டிலும் அந்த மொத்தத்தையே அதன் திட்டப்பிழைக்கு ஏற்ப அசைத்துவிட்டு, அசைத்த மொத்தத்தோடு பொருத்துங்கள். உங்கள் கோப்பில் வயதும் பாலினமும் முழு எண்ணிக்கை, கல்வி மட்டும் மாதிரி என்றால், கல்வியை மட்டும் அசைத்தால் போதும்.

மூல மொத்தமும் உங்கள் வினாத்தாளும் “படித்து முடித்தவர்” என்பதை ஒரே மாதிரி வரையறுத்திருக்கின்றனவா என்பதையும் பார்த்துவிடுங்கள். அந்த வித்தியாசத்தை எந்த வேரியன்ஸும் பிடிக்காது.

மார்ச் 27

இடைநிலை (வரிசையின் நடுவில் நிற்பவரின் மதிப்பு) பற்றிக் கேட்டிருக்கிறார்கள். வருமானத்துக்குச் சராசரியைவிட இடைநிலையே மேல் என்பதால் இதைக் கேட்டது சரியே. ஒவ்வோர் அலகாக நீக்கும் ஜாக்நைஃபை அதற்குப் போடாதீர்கள். ஏன் என்று நூறு பேரை வரிசைப்படுத்தி நிறுத்திப் பார்த்தால் புரியும். கீழ்ப் பாதியில் யாரை நீக்கினாலும் இடைநிலை 51-ஆவது ஆளுக்குப் போகும். மேல் பாதியில் யாரை நீக்கினாலும் 50-ஆவது ஆளுக்கு. நூறு ரெப்ளிகேட்டும் சேர்ந்து இரண்டே விடைகள். அந்த இருவருக்கும் நடுவில் உள்ள இடைவெளியை வைத்தே முழு வேரியன்ஸும் முடிவாகிவிடும், அவர்கள் வருமானம் ஒன்றாக இருந்தால் பூஜ்யம். மாதிரியைப் பெரிதாக்கினாலும் இது தீராது.

அரை மாதிரி முறையும் பூட்ஸ்ட்ராப்பும் இதில் சறுக்காது. ரெப்ளிகேட் இல்லாதவர்களுக்கு உட்ரஃப் 1952-இல் சொன்ன வழி இருக்கிறது. இடைநிலைக்குக் கீழே இருப்பவர்களின் விகிதத்துக்கு முதலில் இடைவெளி போடுங்கள். எளிய மாதிரியில் 100 பேருக்கு அது சுமார் 40 முதல் 60 விழுக்காடு. பிறகு 40 விழுக்காட்டில் நிற்பவரின் வருமானத்தையும் 60 விழுக்காட்டில் நிற்பவரின் வருமானத்தையும் படித்துக்கொள்ளுங்கள், அதுதான் இடைநிலையின் இடைவெளி. உங்கள் கோப்பில் விகிதத்தின் திட்டப்பிழையை எடைத் திருத்தம் தெரிந்த முறையில் எடுத்து, வரிசையை எடையிட்டுப் படியுங்கள். மேல் எல்லையும் கீழ் எல்லையும் இடைநிலையிலிருந்து ஒரே தூரத்தில் இருக்காது, வருமானத்தில் மேல் பக்கம் நீளும். அதை அப்படியே அச்சிடுங்கள்.